தொண்ணூற்றிரண்டாம் வீடு

அவரிடம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கேம்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் முழுதாக விளையாடியதில்லை. முழுதாக என்ன, கால்வாசிகூட இல்லை. தலைப்புப் படம் வந்து, இசை முழங்கி, தொடங்குவதற்குப் பட்டனை அழுத்தச் சொல்லி எழுத்து மினுங்க ஆரம்பித்ததும், "ஓடுது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு அணைத்துவிடுவார். கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே பச்சை அடிப்பார். அடுத்த கேமுக்குப் போவார்.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் அவர் பொறுப்பாளர். இருபத்திரண்டு இரும்பு அலமாரி, மூன்று குளிர்ப்பெட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. வேறு யாரையாவது அதில் ஒரு நாள் உட்கார வைத்தால் சுவரைப் பிறாண்டுவார்கள். அவருக்கு அது சொர்க்கம். ஒவ்வொரு தட்டுக்கும் லேபிள், ஒவ்வொரு லேபிளுக்கும் எண். காலாவதிக்கு மூன்று மாதம் இருந்தால் மஞ்சள் ஒட்டு, ஒரு மாதம் இருந்தால் சிவப்பு ஒட்டு. பட்டியலில் இருப்பது அலமாரியில் இருக்க வேண்டும், அலமாரியில் இருப்பது பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது எதுவானாலும் அது குப்பை. முகத்துக்கு நேரே 'சார்' என்று கூப்பிடும் ஆஸ்பத்திரி, முதுகுக்குப் பின்னால் 'பட்டியல்' என்றே அவரைச் சொல்லும். மனைவிக்குக் கோபம் வந்தால் அதிலேயே கொஞ்சம் மரியாதை சேர்ந்து 'பட்டியலாரே' ஆகிவிடும்.

ஒருமுறை தலைமை நர்ஸ் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊசிகள் அடுக்கிய தட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் பட்டியலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி என்று ஒன்று அதில் இல்லை. வெள்ளிக்கிழமை கழிவு வண்டியில் அது போயே போய்விட்டது.

"தினமும் என் மூஞ்சியில பாத்திருக்கீங்களே சார், அடையாளம் தெரியலையா?" என்று அந்த அம்மாள் கத்தினார்.

"மூஞ்சி வேற, அலமாரி வேற" என்றார் இவர். இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போன ஆசாமியின் கதைதான் இது.

கேம்களை அவர் ஓட்டிப் பார்க்கும் கருவி கைக்குள் அடங்குகிற ஒன்று. இரண்டாக மடிக்கலாம். மடிக்கிற இடத்தில் விரிசல் விட்டிருந்ததை அவரே பசை போட்டு ஒட்டியிருந்தார். செய்த கம்பெனியே அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் கம்பெனி போட்ட பூட்டை, முகம் தெரியாத யாரோ ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து திறந்து, சாவியை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டான். இப்படி ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள் வீட்டிலிருந்தபடி எழுதும் நிரல்களுக்கு ஹோம்ப்ரூ என்று பெயர். அதை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, கார்டைக் கருவியின் பக்கவாட்டில் சொருகினால், கடைகளிலிருந்து எப்போதோ காணாமல் போன பழைய கேம்களெல்லாம் ஒரே பட்டியலாகத் திரையில் வந்து நிற்கும். பட்டியலாக! மனிதர் அங்கேதான் கவிழ்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. எல்லாப் பெயர்களையும் ஒரே மாதிரி எழுதினார். ஒவ்வொரு கேமுக்கும் அதன் அட்டைப்பெட்டிப் படத்தைத் தேடிப் பிடித்து ஒரே அளவில் வெட்டினார். இணையத்தில் அவரைப் போன்றவர்கள் கூடும் மன்றம் ஒன்று உண்டு. பெயரில் 'இரண்டாம் பாகம்' என்று எழுத்தில் போடுவதா, வெறுமனே எண் போடுவதா என்று அங்கே பதினோரு பக்கத்துக்குச் சண்டை நடந்தது. அதில் ஏழாம் பக்கம் முழுக்க இவர் எழுதியது. கேம் விளையாடிப் பார்த்தவர் ஒருவர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார். எல்லோருமாகச் சேர்ந்து அவரை விரட்டிவிட்டார்கள்.

இந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றே ஒன்றை விளையாடியது அவர் மனைவி. குடிநீர் வாரியத்தில் புகார் கேட்கும் தொலைபேசியில் அவளுக்கு வேலை. தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், வந்தது நாறுகிறது என்று ஒருவர், நாறினாலும் பரவாயில்லை இன்னும் கொஞ்சம் விடுங்கள் என்று ஒருவர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவாள். குழாயை அவள் உடைக்கவில்லை, பம்பை அவள் நிறுத்தவில்லை. ஆனாலும் "மன்னிக்கணும்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள்தான் சொல்ல வேண்டும்.

போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம் ரயில். ஒரு நாள் ரயில் வழியில் நின்றுபோக, கணவர் "ஓடுதான்னு மட்டும் பாரு" என்று பையில் போட்டுவிட்டிருந்த கருவியைத் திறந்து, கைக்குக் கிடைத்த ஒரு கேமைத் தட்டினாள். அதில் ஒரு தீவு. அதில் நூறு வீடு. நீங்கள் தபால்காரி, உங்களிடம் ஒரு கழுதை. வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும். பாலம் உடைந்திருக்கும், கழுதை அடம் பிடிக்கும், மழையில் கடிதம் நனையும். எல்லாவற்றையும் தாண்டிக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றி" என்று சொல்வார்.

அவள் வேலையில் ஒருவரும் சொல்லாத சொல் அது. ரயிலில் அது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கிடைத்தது. பதினாலு மாதத்தில் தொண்ணூற்றொரு வீடு முடித்திருந்தாள். தொண்ணூற்றிரண்டாம் வீட்டில் மட்டும் கதவைத் தட்டினால் யாரும் திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிகிறது, ஆள் நடமாடும் நிழல் தெரிகிறது, கதவு மட்டும் திறப்பதில்லை. ஒன்பது நாளாக அவள் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யார் உள்ளே, ஏன் திறக்கவில்லை என்று அவளுக்கு மண்டை காய்ந்தது.

"நெட்ல தேடினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றார் கணவர்.

"வாயைத் திறந்தீங்க, கொன்னுடுவேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பட்டியலாருக்கு அன்பு பொங்கியது. மனைவி தினமும் பயன்படுத்துகிற கருவி. கார்டு பழசு. கேம் திறக்க நாலு நொடி ஆகிறது. புதுக் கார்டு போட்டால் இரண்டே நொடி. பாவம், எவ்வளவு நேரம் மிச்சமாகும்! புதுக் கார்டை எடுத்தார். கம்ப்யூட்டரில் இருக்கும் சுத்தமான மூலத் தொகுப்பிலிருந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். பழைய கார்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை, ஏனென்றால் அது அசுத்தம். பட்டியலில் இல்லாத ஒரு ஃபோல்டர் வேறு அதில் கிடந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல், எட்டு கிலோபைட். படமும் இல்லை, எண்ணும் இல்லை. எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட குப்பை என்று முகத்தைச் சுளித்தார். விளையாடியது எதுவரை என்று கேம் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மன்றத்தில் அதைப் பற்றிப் படித்திருக்கிறார். ஆனால் அவருடைய நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் எதுவும் அப்படி ஒரு ஃபைலை இதுவரை உண்டாக்கியதில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு அவர் எங்கே போனார்?

பழைய கார்டை ஒரு பிட்டுகூட மிஞ்சாதபடி முழுதாக ஃபார்மட் செய்தார். மதியம் சாப்பிட வந்த மச்சினன், காரில் முன்னால் போகும் சாலையைப் படம் பிடிக்கும் கேமராவுக்குக் கார்டு வேண்டும் என்றான். "இந்தா மாப்ளே, பளிச்சுனு இருக்கு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் கிடங்கில் போன் அடித்தது.

"என்னங்க, என் தீவு எங்க?"

"எந்தத் தீவு?"

"புதுசா தொடங்கவான்னு கேக்குது. கழுதைக்குப் பேர் வெக்கச் சொல்லுது. என்ன பண்ணீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். இரண்டு நொடிக் கணக்கையும் சேர்த்துச் சொன்னார். மறுமுனையில் ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த அளவுக்கு விவரம் இருந்தால் அவர் ஏன் பட்டியலார் ஆகிறார்? "ஒரு கேம்தானேமா. கார்டுல நாலாயிரம் இருக்கு. வேற ஏதாவது எடுத்து விளையாடு" என்றார்.

போன் வைக்கப்பட்டது. அன்று குடிநீர் வாரியத்துக்குப் போன் செய்தவர்கள் முதல்முறையாகத் திருப்பித் திட்டு வாங்கினார்கள் என்று கேள்வி.

மச்சினனுக்குப் போன் போனது. கார்டு அதற்குள் நூற்றிருபது கிலோமீட்டர் சாலையைப் படம் பிடித்திருந்தது. அழிந்ததை மீட்கும் நிரல் ஒன்றைக் கொண்டு அவர் துழாவிப் பார்த்தார். ஒரு லாரியின் பின்பக்கமும், ஒரு வேகத்தடையும் கிடைத்தன. தீவு கிடைக்கவில்லை.

மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். அவருக்கு வேண்டியதைப் பக்கத்து நாற்காலியிடம் சொன்னாள். "சோறு மேஜையில இருக்கு" என்று நாற்காலிக்குத் தெரிவித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாலாவது நாள் அவருக்கு ஓர் அற்புதமான யோசனை வந்தது. நல்ல மனம் படைத்த யாரோ ஒருவர் அதே கேமை நூறு வீடும் முடித்து, அந்த ஃபைலை இணையத்தில் போட்டு வைத்திருந்தார். அதை இறக்கினார், கார்டில் போட்டார். கருவியை ஒரு துணியால் துடைத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"கிடைச்சிடுச்சு. தொண்ணூத்தொண்ணு என்ன, நூறே முடிச்சிருக்கு பாரு!"

அவள் திறந்து பார்த்தாள். தீவு முழுக்கக் கொடிகள் பறந்தன, வேலை எல்லாம் முடிந்திருந்தது. தொண்ணூற்றிரண்டாம் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. கழுதையின் பெயர் ஏதோ அந்நிய மொழியில் இருந்தது.

"இது யாரோ வாழ்ந்த வீடுங்க" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "எவனோ ஒருத்தன் சாப்பிட்டு முடிச்ச தட்டைக் கழுவிக் கொண்டு வந்து, சாப்பாடு ஆச்சுன்னு சொல்றீங்களா?"

பேய் முழி முழித்தார்.

"நீங்கதான அழிச்சீங்க? நீங்களே விளையாடுங்க. முதல் வீட்டுலேருந்து. தொண்ணூத்தொண்ணாவது வீடு வரைக்கும் கொண்டு வந்து குடுங்க. அதுக்கு மேல ஒரு அடி வெக்கக் கூடாது."

"நானா? எனக்கு விளையாடத் தெரியாதே!"

"நாலாயிரம் கேம் வெச்சிருக்கறவருக்கு விளையாடத் தெரியாதா?"

திருட்டு வேலை மறுபடி நடக்காமலிருக்க அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரே கொண்டுவந்து வைத்திருந்த காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பை எடுத்தாள். பழைய கேம்களின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, கார்டு சொருகும் வாயை அதனால் அடைத்து, மேலே தன் கையெழுத்தைப் போட்டாள். கார்டைக் கழற்றக் கூடாது, கம்ப்யூட்டரில் போடக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது. அவருடைய நாலாயிரத்துச் சொச்சமும் அந்தக் கட்டுக்குள் சிறைப்பட்டது.

முதல் திரையிலேயே சிக்கல். "கழுதைக்கு என்ன பேர் வெச்சிருந்தே?" என்று கேட்டார்.

"பட்டியல்" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே.

மனிதர் அப்படியே அடித்து வைத்தார்.

விளையாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. கட்டைவிரல் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. முதல் பாலத்தில் மட்டும் பதினேழு தடவை கழுதையோடு தண்ணீரில் விழுந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "அந்தப் பக்கம் கல்லு இருக்கே, பாக்கலையா?" என்று அலுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மூன்றாம் வீட்டை அடைய ஒரு வாரம். கிழவர் ஒருவர் கதவைத் திறந்து, "ரொம்ப நன்றி, மழையில் வந்தாயா?" என்றார். பட்டியலார் திரையைப் பார்த்து, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். வாய்விட்டே சொல்லிவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஆள் மாற ஆரம்பித்தார், சகிக்க முடியாத வகையில். மதிய இடைவேளையில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து கடிதம் பட்டுவாடா செய்தார். நடுக் குளிர்ப்பெட்டியின் லேபிள் ஒரு பக்கம் பிய்ந்து இரண்டு நாளாகத் தொங்கியது, அவர் கவனிக்கவில்லை. தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தார், புதுக் கண்ணாடி வழியாக.

"இந்தக் கழுதை பட்டியல்ல இருக்கா சார்?"

"முப்பத்தேழாம் வீட்டு அம்மாவுக்கு அவங்க பையன் கடிதமே போட மாட்டேங்கறான் சிஸ்டர்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "நானும் தினம் அந்தப் பக்கம் போறேன். பை காலியா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனார். மனநோய்ப் பிரிவில் யாரிடமாவது சொல்லலாமா என்று அன்று மாலை வரை யோசித்தாராம்.

மன்றத்தில் அவரைக் காணோம் என்று தேடினார்கள். கடைசியில் அவர் ஒரு நாள் போய், அறுபதாம் வீட்டுக்குச் செல்லும் குறுக்குவழியைப் பற்றி ஆசையாக எழுதினார். தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாத பதிவு என்று அதை நீக்கினார்கள். நீக்குவதற்கான அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

ஏழு மாதம் ஆயிற்று. அவ்வளவு நாளும் மனைவி ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போய், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சமாதானம் எப்போதோ ஆகிவிட்டது, நாற்காலி மூலமான பேச்சு நின்றுவிட்டது. ஆனால் அவர் தீவைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "எனக்குத் தெரியும்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் தொண்ணூற்றொன்றாம் வீட்டுக்காரர் நன்றி சொன்னார். பட்டியலார் கழுதையை ஓட்டிக்கொண்டு தொண்ணூற்றிரண்டாம் வீட்டு வாசல்வரை போனார். அது ஓர் அடி அதிகம்தான். உள்ளே விளக்கு எரிந்தது. நிழல் ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது. அவர் கை தட்டத் துடித்தது. தட்டவில்லை. அவளுடைய கதவு என்று விட்டுவிட்டார். மூடி, துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இந்தா. தொண்ணூத்தொண்ணு. டேப் பிரிக்கலை, பாத்துக்க."

அவள் டேப்பைப் பார்த்தாள். கையெழுத்து கறுத்துப்போய் இருந்தது, ஆனால் அப்படியே இருந்தது. கருவியைத் திறந்து தீவைச் சுற்றி வந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது இப்படி, அது அப்படி என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அவள் சிவப்பு பூசியிருந்த படகை அவர் நீலமாகப் பூசியிருந்தார். முப்பத்தேழாம் வீட்டு அம்மாவுக்கு அவர் தினமும் காட்டுப்பூ கொண்டுபோய்க் கொடுத்ததில் வாசல் முழுக்கப் பூவாக இருந்தது. அவள் அதைச் செய்ததே இல்லை. அதன் எதிரில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நல்லாத்தான் விளையாடியிருக்கீங்க" என்றாள். "ஆனா இது உங்க தீவுங்க. இதுல நான் இல்லை."

முதல் திரைக்குப் போனாள். அந்தக் கேமில் ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் இடம். புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவள் விரல் 'ஆம்' மேல் போய் நின்றது.

"ஐயோ, வேணாம்!" பட்டியலார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். "அழிக்காதே! ஏழு மாசம்! அந்த அம்மா, அந்தப் பூவெல்லாம்…"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏழு மாதமாக எடுத்து வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுக்கிற முகம்.

"ஒரு கேம்தானேங்க. கார்டுல நாலாயிரம் இருக்கு. வேற ஏதாவது எடுத்து விளையாடுங்க."

அழுத்திவிட்டாள்.

அவர் உட்கார்ந்தார். அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் வேண்டியவர்களைப் பறிகொடுத்த எத்தனையோ பேர் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி முகம் தனக்கே வரும் என்று அவர் நினைத்ததில்லை. நாற்பத்து நாலு வயது ஆம்பிளை, ஒரு கழுதைக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பார்க்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் வீட்டில் யார் என்று இனி அவள் போய்ச் சேர்ந்து சொன்னால்தான் உண்டு. அதற்கு இன்னொரு வருஷம் ஆகும். இணையத்தில் தேடினால் ஒரு நிமிடம். அவர் தேடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பட்டன்கள் டொக் டொக்கென்று சத்தம் போட, தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"கழுதைக்கு என்ன பேர் வெச்சே?"

"அதே பேருதான்" என்றாள் அவள். "தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குது."